பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்கு ஆள் நிர்வாகம்: முழு வழிகாட்டி

கோவை ஆவாரம்பாளையம் பக்கம் பதினாறு பேர் வேலை செய்யும் லேத் பட்டறை ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். பம்பு உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறை. எச்.ஆர். என்று தனி ஆள் இல்லாததால் அந்த வேலையும் என் மேஜைக்கே வந்து சேர்ந்தது. அதை ஒரு வழிக்குக் கொண்டுவந்த பிறகு அக்கம்பக்கத்துப் பட்டறைகள் நாலைந்துக்கும் செய்து கொடுத்தேன்.

எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். ஏதோ ஒரு நோட்டீஸ் வந்ததும் பதறிப்போய் முதலில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பதிவுக்கு ஓடுவார்கள். யார் என்றைக்குச் சேர்ந்தார், ஆதாரில் பெயர் எப்படி இருக்கிறது, சம்பளம் எந்தக் கணக்கில் போகிறது என்று எதுவுமே தாளில் இருக்காது. வாயில் வந்ததைப் பதிவில் ஏற்றிவிட்டு, அதைத் திருத்த ஒரு வருடம் அலைவார்கள். கீழே உள்ள வரிசை அந்த அலைச்சலில் இருந்து வந்தது. ஒரே நாளில் முடியாது. மாலை நேரங்களில் உட்கார்ந்தால் ஐந்தாறு வாரம் ஆகும்.

தொடங்கும் முன் கைவசம் வேண்டியவை

பூட்டும் இழுப்பறை ஒன்று, ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஃபைல், நீள நோட்டு இரண்டு, எக்செல் இருக்கும் கணினி. மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். இருபது பேர் வரைக்கும் எக்செல் தாங்கும்.

இவற்றைவிட முக்கியமாக ஒரு முடிவு வேண்டும். லீவு, அட்வான்ஸ், ஓ.டி. (கூடுதல் நேர வேலை) மூன்றுக்கும் யார் சொல்வது கணக்கு? முதலாளி ஷெட்டில் நடக்கும்போது, "அண்ணா, ரெண்டாயிரம் வேணுங்க" என்று ஒருவர் கேட்பார். அவரும் சட்டைப் பையில் இருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். மாதக் கடைசியில் அது யாருக்கும் நினைவிருக்காது. கொடுப்பது முதலாளியாகவே இருக்கட்டும், ஆனால் அன்று மாலைக்குள் நோட்டில் ஏற வேண்டும். இதற்கு முதலாளி ஒத்துக்கொள்ளாவிட்டால் மேற்கொண்டு படிப்பதில் பயனில்லை.

1. முதலில் தலையை எண்ணுங்கள்

ஒரு தாளில் எல்லோர் பெயரையும் எழுதுங்கள். காலையில் இரண்டு மணி நேரம் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகும் அம்மா, வாரக்கூலிக்கு வரும் ஹெல்பர், கான்ட்ராக்டர் மூலம் வரும் பிகார் பையன்கள், சம்பளம் அதிகம் என்று நீங்கள் தனியாக நினைக்கும் சூப்பர்வைசர் என ஒருவரையும் விடாதீர்கள்.

சட்டம் தலைக்கணக்கைத்தான் பார்க்கிறது. 10 பேர் ஆனால் இ.எஸ்.ஐ., பணிக்கொடை (விலகும்போது தரும் கிராஜுவிட்டி), பாலியல் தொல்லைப் புகார்களுக்கான உள்ளகக் குழு. 20 பேர் ஆனால் பி.எஃப்., போனஸ். பத்தைத் தொட்டு இ.எஸ்.ஐ.க்குள் வந்த பிறகு ஆள் ஒன்பதாகக் குறைந்தாலும் வெளியே வர முடியாது.

'ரெண்டு பேரைக் கணக்கில் காட்டாமல் விட்டால் ஒன்பதோடு நின்றுவிடும்' என்ற யோசனை எல்லாப் பட்டறையிலும் வரும். கணக்கில் இல்லாத அந்த இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் கை மாட்டும் என்று எனக்கு ஒரு பயம் உண்டு. அப்போது மருத்துவச் செலவும் இழப்பீடும் முழுக்க முதலாளி தலையில் விழும்.

2. ஆளுக்கொரு ஃபைல்

ஃபைலில் இருக்க வேண்டியவை: ஆதார் நகல், வயதுச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல், பான் இருந்தால் அதன் நகல், புகைப்படம், அவசரத்துக்கு அழைக்க வீட்டில் இருக்கும் ஒருவரின் எண், வாரிசுதாரர் பெயர். வெளிமாநிலத்தவர் என்றால் அவசர எண் ஊரில் இருப்பவருடையதாக இருக்கட்டும். அறைத் தோழன் எண்ணைக் கொடுப்பார்கள். அவனும் அதே ஷிஃப்டில் உங்கள் மெஷினில்தான் நிற்பான்.

அதிகம் சிக்குவது பெயரில்தான். நம் ஊர் இனிஷியல் பழக்கத்தால் ஆதாரில் 'முருகன் எம்', வங்கியில் 'எம். முருகன்', பழைய கம்பெனியின் பி.எஃப். பதிவில் 'முருகன் மாரிமுத்து' என்று மூன்று பேர் ஆகிவிடுகிறார். பிறந்த தேதியும் பலருக்கு ஜனவரி 1 என்றோ ஜூன் 1 என்றோ இருக்கும், அல்லது ஓர் ஆவணத்துக்கும் இன்னொன்றுக்கும் மாறும். எங்கேயும் ஏற்றுவதற்கு முன்பே ஆதாரை மற்றவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்த வேண்டியதை அவரே இ-சேவை மையத்திலோ வங்கியிலோ திருத்திக்கொண்டு வரட்டும். அதற்கு அரை நாள் சம்பளத்தோடு அனுமதி கொடுங்கள். பின்னால் மிச்சமாகும் நேரத்துக்கு அது ஒன்றுமே இல்லை.

'முன்னால் எங்கேயாவது பி.எஃப். பிடித்தார்களா?' என்று கட்டாயம் கேளுங்கள். பிடித்திருந்தால் யூ.ஏ.என். எண் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) ஏற்கெனவே இருக்கும். அது தெரியாமல் இன்னொரு எண் எடுத்தால், பணம் இரண்டு இடத்தில் கிடந்து அவர் வீடு கட்டவோ பெண் கல்யாணத்துக்கோ எடுக்கப் போகும்போது மாட்டிக்கொள்ளும்.

அசல் சான்றிதழை வாங்கி வைக்காதீர்கள். 'ஐ.டி.ஐ. சர்டிஃபிகேட்டை வாங்கி வெச்சாத்தான் பையன் ஓட மாட்டான்' என்று சொல்லும் ஓனர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓடுகிறவன் எப்படியும் ஓடுவான். நகலில் 'அசலைப் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பதினெட்டு வயது முடியாதவரை மெஷினில் நிறுத்தவே வேண்டாம்.

3. நியமனக் கடிதம், பழைய ஆட்களுக்கும் சேர்த்து

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றின்படி ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுப்பது கட்டாயம். சட்டம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யச் சொல்வேன். நான் பார்த்த சண்டைகளில் பாதிக்கு மேல் 'சேரும்போது அப்படிப் பேசலியே' என்றுதான் தொடங்கின.

ஒரு பக்கம் போதும். பெயர், வேலை, சேர்ந்த தேதி, சம்பளமும் அதன் பிரிவுகளும், வேலை நேரம், வார விடுமுறை, ஒரு நாள் கூலியைக் கணக்கிடும் முறை, ஓ.டி. விகிதம், தகுதிகாண் காலம், விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு. இரண்டு பிரதி எடுத்து இருவரும் கையெழுத்திட்டு, ஒன்று அவருக்கு, ஒன்று ஃபைலுக்கு.

கடிதம் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இணையத்தில் இருந்து எடுத்த நான்கு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வைத்திருந்த பட்டறை ஒன்றைப் பார்த்தேன். அதில் 'பங்கு ஒதுக்கீடு' பற்றிக்கூட ஒரு பத்தி இருந்தது. ஹெல்பருக்கு!

பன்னிரண்டு வருடமாக இருக்கும் டர்னரிடம் (லேத்தில் கடைபவர்) கடிதத்தை நீட்டும்போதுதான் கஷ்டம். "இத்தனை வருஷம் இல்லாம இப்ப எதுக்குங்க கையெழுத்து? நிறுத்தப் போறீங்களா?" என்று முகம் மாறும். அதனால் முதல் கடிதத்தை மூத்தவருக்கே கொடுங்கள். தனியாக உட்கார வைத்து, அவர் சேர்ந்த உண்மையான தேதி அதில் இருப்பதை விரல் வைத்துக் காட்டுங்கள். அவர் கையெழுத்திட்டால் மற்றவர்கள் கேள்வி கேட்காமல் இடுவார்கள்.

அந்தத் தேதியில் கை வைக்காதீர்கள். பழைய ஆளுக்கு இன்றைய தேதியைச் சேர்ந்த நாளாகப் போட்டால் பணிக்கொடை மிச்சமாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். பழைய சம்பள நோட்டு, பத்து வருடத்துக்கு முன் ஆயுத பூஜைக்கு எடுத்த ஃபோட்டோ, கூட வேலை செய்தவர் சாட்சி, எதுவும் அதைப் பொய்யாக்கிவிடும்.

4. வருகைப் பதிவு

இது இல்லாமல் சம்பளக் கணக்குக்குப் போகாதீர்கள். வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. மூன்று கட்டம் போதும்.

கைரேகை மெஷின் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மெஷினைக் குளிர்விக்கும் கூலன்ட்டிலும் இரும்புத் துகளிலும் ஊறிய விரலில் ரேகை தேய்ந்திருக்கும். எங்கள் பட்டறையில் ஆறு பேருக்கு அது வேலையே செய்யவில்லை. வாங்குவதானால் முகம் பார்த்துப் பதியும் வகை வாங்குங்கள். நோட்டும் மோசமில்லை, ஒரே ஒரு விதி, எட்டரை மணிக்கு நோட்டு அலுவலகத்துக்குள் வந்துவிட வேண்டும். வெளியே கிடந்தால் சனிக்கிழமை ஒருவர் உட்கார்ந்து வாரம் முழுக்க ஒரே பேனாவில் நிரப்புவார்.

ஓ.டி.க்குத் தனிக் கட்டம் போடுங்கள். ஒரு நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி. அதற்கு அவர் சம்மதமும் வேண்டும். அந்த மணி நேரத்துக்கு சூப்பர்வைசர் அன்றன்றே சுருக்கொப்பம் இட வேண்டும். மாதக் கடைசியில் நினைவில் இருந்து எழுதினால் ஆள் சொல்வது 22 மணி நேரம், சூப்பர்வைசர் சொல்வது 14. இருவருமே பொய் சொல்லியிருக்க மாட்டார்கள்.

5. சம்பளக் கணக்கு

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது.

முதலில் ஒரு நாள் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று முடிவு செய்யுங்கள். மாதச் சம்பளம் 15,600 ரூபாய் என்று வையுங்கள். 26-ஆல் வகுத்தால் 600. 30-ஆல் வகுத்தால் 520. சில ஓனர்கள் லீவுக்குப் பிடிக்கும்போது 26-ஆலும், ஓ.டி. கொடுக்கும்போது 30-ஆலும் வகுப்பார்கள். ஆட்கள் கணக்கில் மட்டம் என்று நினைப்பு. டீக்கடையில் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஞாயிறு விடுமுறை உள்ள பட்டறைக்கு 26 சரியாக வரும். பணிக்கொடைக்கும் சட்டம் அந்த 26-ஐத்தான் எடுத்துக்கொள்கிறது. எதுவானாலும் எல்லாவற்றுக்கும் ஒரே எண்.

நாள் கூலி 600 என்றால் மணிக்கு 75. ஓ.டி. மணிக்கு 150. இதைச் சுவரில் எழுதிக்கூட ஒட்டலாம்.

அடுத்து, சம்பளத்தைப் பிரிப்பது. பி.எஃப். குறையட்டும் என்று அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக்கி, மீதியைப் பெயர் பெயராகப் படிகளில் போடும் பழக்கம் இனி உதவாது. ஊதியத்தில் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்த்தே பார்க்கப்படும். சின்னப் பட்டறைக்கு அடிப்படை, விலைவாசிக்கேற்ப மாறும் பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி மூன்று போதும். குறைந்தபட்சக் கூலியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் பஞ்சப்படி ஏப்ரல் 1-இல் மாறும் என்பதால் ஏப்ரல் சம்பளம் போடும் முன் ஒவ்வொரு வருடமும் பார்க்க வேண்டும்.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கையில் சேர வேண்டும். நாங்கள் வைத்திருக்கும் நாட்கணக்கு: கடைசி நாள் மாலை வருகைப் பதிவை மூடுவது, 2-ஆம் தேதி தாள் தயார், 3-ஆம் தேதி ஒவ்வொருவரும் தன் நாட்களையும் ஓ.டி.யையும் பார்த்துச் சரி சொல்வது, 5-ஆம் தேதி வங்கியில். அந்த 3-ஆம் தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பணம் போகும் முன் பிழை தெரிந்தால் அது திருத்தம். போன பிறகு தெரிந்தால் சண்டை.

ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கியில் போட்டுவிட்டுச் சம்பளச் சீட்டைக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி, குழுவில் போடாமல் தனித்தனியாக.

*அட்வான்ஸ்.* இதற்கு இரண்டாவது நீள நோட்டு. ஆளுக்கு ஒரு பக்கம். கொடுத்த தேதி, தொகை, மாதம் எவ்வளவு பிடிப்பது, மீதி, கையெழுத்து. பிடித்தம் எல்லாம் சேர்ந்தாலும் அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். நான் கால் பங்கோடு நிறுத்திவிடுவேன். கையில் ஒன்றும் மிஞ்சாதவர் அடுத்த வாரமே மறுபடி அட்வான்ஸ் கேட்பார், நோட்டு என்றைக்கும் முடியாது. தீபாவளிக்கு முன்பும், ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கும் எல்லோரும் கேட்பார்கள். அந்த இரண்டு மாதத்துக்கும் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.

தாமதமாக வந்தால் தாமதமான நேரத்தின் கூலியை மட்டும் பிடிக்கலாம். 'மூணு நாள் லேட்டுக்கு ஒரு நாள் சம்பளம் கட்' என்ற சுவர் நோட்டீஸ் பல இடங்களில் தொங்குகிறது. அதைக் கழற்றிவிடுங்கள்.

6. இப்போது இ.எஸ்.ஐ., பி.எஃப்.

மேலே சொன்ன ஐந்தும் முடிந்திருந்தால் இது ஒரு மாலை வேலைதான்.

இ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு. ஆள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. 15,600 சம்பளத்துக்கு 117 ரூபாயும் 507 ரூபாயும். முதலாளி பங்கை ஆள் சம்பளத்தில் இருந்து பிடிக்கக் கூடாது. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இரண்டு பங்களிப்புக் காலங்கள் உண்டு; நடுவில் சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும் வரை தொடர்ந்து கட்ட வேண்டும். தாண்டிய மாதமே நிறுத்திவிடுவது புதியவர்கள் செய்யும் தப்பு.

புதிதாகச் சேருபவரைப் பதிய விதி 10 நாள் தருகிறது. நான் முதல் நாள் காலையில், அவர் மெஷினைத் தொடும் முன் பதிந்துவிடுவேன். ஒரு பட்டறையில் 'பையன் ஒரு வாரம் நிக்கிறானான்னு பார்ப்போம்' என்று பதியாமல் விட்டார்கள். மூன்றாம் நாள் ட்ரில்லிங் மெஷினில் கையுறை சுற்றி விரல் போனது. வேலையிடத்து விபத்துக்கு இ.எஸ்.ஐ.யில் காத்திருப்புக் காலமே கிடையாது. பதிந்திருந்தால் முதல் நாளே பாதுகாப்பு இருந்திருக்கும். பதிந்த கையோடு குடும்பத்தார் பெயரையும் ஏற்றுங்கள். ஊரில் இருக்கும் மனைவி பிள்ளைகள் அங்குள்ள இ.எஸ்.ஐ. மருந்தகத்தைப் பயன்படுத்தலாம் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

பி.எஃப். 20 பேர் உள்ள இடங்களுக்கு. இரு தரப்பும் 12 சதவீதம். கட்டாயத்துக்கான ஊதிய உச்சவரம்பு 15,000, அதாவது ஆளுக்கு ஒவ்வொரு தரப்பும் 1,800 ரூபாய். முதலாளியின் 12-இல் 8.33 ஓய்வூதியத்துக்குப் போகிறது.

இரண்டுக்குமே கடைசித் தேதி அடுத்த மாதம் 15. பதினைந்தாம் தேதி இணையதளம் திணறும், ஓ.டி.பி. வராது. 10-ஆம் தேதி கட்டிவிடுங்கள். தாமதமாகக் கட்டினால் வட்டி, அதற்கு மேல் அபராதம்.

7. லீவு

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கோடு ஐந்து பண்டிகை நாட்களும் சேர்த்துத் தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை. அந்த ஐந்தும் எவை என்று டிசம்பரிலேயே ஆட்களிடம் பேசி முடிவு செய்து ஒட்டிவிடுங்கள். புதிய சட்டத் தொகுப்பின்படி, வருடத்தில் 180 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பும் உண்டு. நீங்கள் நடத்துவது கடை என்றால் தமிழ்நாட்டுக் கடைகள் சட்டத்தில் கணக்கு வேறு.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எல்லோரும் ஒரே நாளில் கேட்பார்கள். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. உங்கள் லீவுப் பட்டியல் அதற்கு முன் முடிவாகியிருக்க வேண்டும். டிக்கெட் எடுத்தவரிடம் 'லீவு இல்லை' என்றால் அவர் போகத்தான் போவார், திரும்பி வருவாரா என்பதுதான் சந்தேகம்.

8. குறையும் தகராறும்

முதலாளியைத் தவிர இன்னொருவரிடமும் குறை சொல்ல வழி இருக்கட்டும். குறை பெரும்பாலும் சூப்பர்வைசர் பற்றியதாகவே இருக்கும், அந்த சூப்பர்வைசரோ முதலாளியின் மச்சானாக இருப்பார்.

ஒருவர் மேல் நடவடிக்கை எடுப்பதானால் வரிசை இது: நடந்ததைத் தேதியோடு எழுதுவது, அவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்பது, நேரம் கொடுப்பது, பதிலைப் படிப்பது, பிறகு முடிவு. கோபத்தில் "நாளையிலிருந்து வராதே" என்று சொல்லிவிட்டால் மேலே சொன்ன எதுவும் செல்லாது. தப்பு அவர் பக்கமே இருந்தாலும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டி வரும்.

10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் 2013-ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி உள்ளகக் குழு அமைக்க வேண்டும். தலைமை மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியில் இருந்து ஒருவர். 'எங்ககிட்ட ரெண்டே பெண்கள்தானே' என்பதால் விலக்கு கிடையாது. பத்துக்குக் கீழே என்றால் புகார் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகும். எந்தக் குழுவானாலும் அதன் விவரத்தை ஆண்கள் நிற்கும் டீ மேஜைப் பக்கம் ஒட்டாமல், பெண்கள் தனியாக நின்று படிக்கக்கூடிய இடத்தில் ஒட்டுங்கள்.

9. ஆள் விலகும்போது

'அடுத்த மாசம் பத்தாம் தேதி வந்து வாங்கிக்கோ' என்று சொல்லும் காலம் முடிந்தது. விலகினாலும் விலக்கினாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பள பாக்கியைத் தீர்க்க வேண்டும். வருகைப் பதிவும் அட்வான்ஸ் நோட்டும் ஒழுங்காக இருந்தால் இது அரை மணி நேர வேலை. இல்லாவிட்டால் இரண்டு நாளில் முடியாது, அதற்காகத்தான் அவற்றை முதலில் வைத்தேன்.

ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை. கடைசி ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். 15,600 ரூபாயில் ஏழு வருடம் என்றால் 9,000 பெருக்கல் 7, ஆக 63,000. குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எடுத்தவருக்கு இப்போது ஒரு வருடத்திலேயே தகுதி வந்துவிடுகிறது. இந்தத் தொகை திடீரென்று வந்து நிற்காமல் இருக்க, ஏப்ரலில் ஒருமுறை எல்லோருக்கும் கணக்குப் போட்டு மொத்தத்தை முதலாளியிடம் காட்டிவிடுவேன். முதல் வருடம் பார்த்தபோது அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

கிளம்பும் நாளில் மைக்ரோமீட்டர், வெர்னியர், லாக்கர் சாவி திரும்பி வந்ததா என்று பாருங்கள். விலகல் கடிதத்தை ஃபைலில் போடுங்கள். அனுபவச் சான்று கேட்டால் அன்றே கொடுத்துவிடுங்கள். கணக்குத் தீராததற்காக அதைப் பிடித்து வைக்க வேண்டாம். அவர் பி.எஃப். உறுப்பினர் என்றால் விலகிய தேதியை இணையதளத்தில் ஏற்றுங்கள், இ.எஸ்.ஐ.யிலும் கடைசி வேலை நாளைப் பதியுங்கள். ஃபைலைக் கிழிக்காமல் 'விலகியவர்கள்' என்று எழுதிய தட்டுக்கு மாற்றுங்கள். எங்கள் தட்டில் இருக்கும் பதினொரு ஃபைல்களில் இரண்டு மறுபடி மேலே ஏறியிருக்கின்றன. சம்பளம் ஐந்நூறு கூட என்று போன டர்னர்கள். திரும்பி வந்தபோது சேர்ந்த தேதியைப் புதிதாகப் போட்டு, புதுக் கடிதம் கொடுத்து, யூ.ஏ.என். மட்டும் பழையதே.